பேச்சு பிந்தும் குழந்தைக்கு நெல்லைச் சீமையில் உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

இரண்டு வயது நிறைந்தும் ‘அம்மா’, ‘ஆச்சி’ என்ற இரண்டொரு சொல்லுக்கு மேல் பேசாத குழந்தையை வைத்துக்கொண்டு, பொறுத்திருப்பதா, ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதா, தனியார் ஸ்பீச் தெரபியில் (பேச்சுப் பயிற்சியில்) சேர்ப்பதா, வீட்டிலேயே பழக்குவதா என்று குழம்பும் குடும்பங்கள் திருநெல்வேலி வட்டாரத்தில் நிறைய உண்டு. செலவையும் தூரத்தையும் வைத்தே பெரும்பாலும் இவற்றை எடைபோடுகிறார்கள். குழந்தையோடு நாள் முழுவதும் இருப்பவர் அதனிடம் பேசும் விதத்தை எந்த வழி மாற்றுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வரிசை பல வீடுகளில் தலைகீழாகிவிடும்.

செவித்திறன் பரிசோதனையை இந்த ஒப்பீட்டுக்குள் சேர்க்கவில்லை, ஏனெனில் எந்த வழியில் போனாலும் அதை முதலில் முடித்தாக வேண்டும். கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறான், மிக்சி ஓடினால் அழுகிறான், ஆகவே காது கேட்கிறது என்று வீட்டிலேயே முடிவு கட்டுவது சரியன்று. கனத்த ஒலிகள் கேட்டும், ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய கூரிய ஒலிகள் எட்டாத குழந்தைகள் இருக்கிறார்கள். சளி பிடிக்கும்போதெல்லாம் நடுக்காதில் நீர் கோத்து, ஒரு மாதம் நன்றாகக் கேட்டு மறுமாதம் மங்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். காதுக்குள் மெல்லொலி அனுப்பி உட்காது தரும் எதிரொலியைப் பார்க்கும் ஓஏஇ சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒலி காது நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையைக் குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடித்தவர்களின் குழந்தைகளிடம் பிறவிக் காதுக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுவதால், அத்தகைய வீடுகளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பொறுத்திருத்தலுக்கு இந்தச் சீமையில் தனி வலு உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை ஊமையாயிருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்தார் என்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்த ஆச்சிமார், “ஏட்டி, இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், சும்மா இரு” என்று மருமகளை அமர்த்திவிடுவார்கள். இதில் பாதி உண்மையும் இருக்கிறது. இரண்டு வயதில் பேச்சு பிந்திய குழந்தைகளில் கணிசமானோர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் தாமாகவே மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். எந்தக் குழந்தை அப்படி எட்டும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். சொன்னதைப் புரிந்துகொண்டு, வேண்டியதை விரலால் சுட்டி, முகம் பார்த்து விளையாடும் குழந்தைக்கு, காது சரியாக இருக்கிறது என்று தெரிந்த பின், இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதில் பெரிய கேடு இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, எதையும் சுட்டிக் காட்டாத, முன்பு சொன்ன சொற்களையும் இழந்துவிட்ட குழந்தைக்கு ஒரு மாதம் பொறுப்பதும் நட்டமே. ஐந்து வயதுவரை பார்க்கலாம் என்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உட்காதில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை) 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே கிடைக்கிறது. ஐந்து முடிந்த பின் முதல் பெரா எடுக்கும் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு நழுவலாம் என்பதோடு, ஒலியைக் கேட்டுப் பழக மூளைக்கு மிகவும் ஏற்ற ஆண்டுகளும் அதற்குள் கழிந்திருக்கும். காத்திருக்கும் வீடுகளில் நாக்கில் வசம்பை உரைத்துத் தடவுவதும் நடக்கிறது. அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் வாந்தியை உண்டாக்கக்கூடியது; பேச்சு வருவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஹைகிரவுண்டு என்று ஊரார் சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வலு, பரிசோதனையும் இலவசமும் ஓரிடத்தில் கிடைப்பது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைப் பார்த்து, ஐயப்பாடு உள்ளவர்களை வளர்ச்சிக் குறைகளை இளவயதிலேயே கண்டு பயிற்சி தரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழந்தை மருத்துவர், செவித்திறன் வல்லுநர், உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருப்பது இந்த மையங்களின் அமைப்பு. பேச்சு மட்டும்தான் பிந்துகிறதா, ஆட்டிசம் போன்ற வேறு காரணம் உண்டா என்று பிரித்தறிய இதைவிடப் பொருத்தமான இடம் சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை. தொடர் பயிற்சிக்கோ கதை வேறு. அம்பாசமுத்திரத்திலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாத தாய், சில முறை வந்துவிட்டு நின்றுவிடுவாள். அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தனியார் தெரபியில் நேரம் வசதியாகக் கிடைக்கும், ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பார். ஆனால் சேர்க்கும் முன் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பது. சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பது அதற்கு ஈடாகாது. மற்றொன்று, அம்மா உள்ளே உட்காரலாமா என்பது. வாரத்துக்கு முக்கால் மணி நேர செஷன் இரண்டு என்றால் ஒன்றரை மணி நேரம். குழந்தை விழித்திருப்பதோ வாரத்துக்கு எண்பது மணி நேரத்துக்கு மேல். அம்மாவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் இடத்தில், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டுமே கட்டணம் கட்டுகிறோம். உள்ளே இருந்து பார்த்துப் பழகிக்கொள்ள விட்டால் மீதி நேரத்துக்கும் அதில் பயன் உண்டு.

வழிகாட்டுதலோடு வீட்டில் பழக்குவதையே நான் முதலில் வைப்பேன். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற களப்பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பிக் குடும்பத்தையே பயிற்றுவிக்கும் முறையை இந்த வட்டாரத்துக் கிராமங்களில் நடத்திக்காட்டியிருக்கிறது. இதில் சொல்லித்தரப்படுபவை எளிமையானவை, ஆனால் தானாக வருபவை அல்ல. ‘இது என்ன, சொல்லு’ என்று தேர்வு வைப்பதை விட்டு, குழந்தை பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றியே பேச வேண்டும். அது ‘பஸ்’ என்றால் நாம் ‘பஸ் வருது’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்ல வேண்டும். கேட்குமுன்னே பாலைக் கொடுத்துவிடாமல் ‘பாலா, பழமா?’ என்று இரண்டையும் காட்டி, பத்து எண்ணும்வரை வாய் மூடிக் காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம். குழந்தை கையால் சுட்டினாலும் அதைப் பதிலாக ஏற்றுக்கொள்ளலாம். சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் ஆயிரம் பீடிக் கணக்கை முடிக்க வேண்டிய தாயிடம், தினமும் இரண்டு மணி நேரம் குழந்தையோடு விளையாடுங்கள் என்பது நடக்காத அறிவுரை. தூள் பறக்கும் பீடித் தட்டுக்கு அருகில் குழந்தையை உட்கார வைக்கவும் கூடாது. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் கடைக்குப் போகும்போதும் எப்படியும் செலவாகும் நேரத்துக்குள் இந்தப் பேச்சைப் புகுத்துவதே நடக்கக்கூடியது. ஆச்சியும் தாத்தாவும் பழகிக்கொண்டால் சுமை பாதியாகும். வேலை முடியும்வரை கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைப்பதற்கு இதில் இடமில்லை. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னபடி இரண்டு வயதில் திரை நேரம் ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. வளைகுடாவில் இருக்கும் அப்பா வீடியோ காலில் மகனோடு பேசுவது வேறு. அங்கே பதிலுக்குப் பதில் பேச ஆள் இருக்கிறது.

பிளே ஸ்கூலில் போட்டால் பேசிவிடுவான் என்ற நம்பிக்கை அரைகுறையானது. முப்பது குழந்தைகளுக்கு ஒரு மிஸ் இருக்கும் அறையில் பேசாத குழந்தை இன்னும் ஒதுங்கிப்போகலாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. ஆனால் பள்ளி சொன்னதற்காகத் தமிழை நிறுத்திவிட்டு, வராத ஆங்கிலத்தில் நான்கு கட்டளை மட்டும் சொல்லும் வீட்டில் குழந்தை கேட்கும் பேச்சே குறைந்துவிடுகிறது.

ஆகவே பரிசோதனைக்கும் காரணம் அறியவும் ஹைகிரவுண்டு, அன்றாடப் பழக்கத்துக்கு வீடு, வீட்டாருக்குக் கற்றுத்தரவும் மாதம் ஓரிருமுறை திருத்தவும் அரசு மையமோ தனியாரோ எது எட்டுகிறதோ அது என்று பிரித்துக்கொள்வதையே பரிந்துரைப்பேன். தூரத்து ஊரார் தெரபிஸ்டிடம் வீடியோ வழியாகவும் இதைக் கற்கலாம், திரைமுன் உட்கார வேண்டியவர் குழந்தையன்று, பெற்றோர் என்ற நிபந்தனையோடு. குழந்தை யாரும் சொல்லித் தூண்டாமல் தானாகச் சொல்லும் சொற்களைக் காலண்டர் தாளின் பின்புறம் மாதாமாதம் எழுதி வர வேண்டும். மூன்று மாதத்தில் அந்தப் பட்டியல் நீளவில்லையென்றால், அதை எடுத்துக்கொண்டு மீண்டும் மருத்துவரிடம் போய்க் காதையும் மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.