அறியாதவருக்கு ஒரு சொல்: போஸ்ட்கிராசிங் அஞ்சலட்டைச் சேவை

முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் அஞ்சலட்டை அனுப்பினால், முன்பின் தெரியாத வேறொருவரிடமிருந்து நமக்கு ஓர் அட்டை வந்து சேரும். போர்ச்சுகல்லில் 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் பவுலோ மகல்யாயிஷ் தொடங்கிய போஸ்ட்கிராசிங் என்னும் இணையதளச் சேவையின் அடிப்படை இவ்வளவுதான். இதுவரை 7 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் இதன் வழியே கைமாறியுள்ளன. பெரும்பாலானோர் படத்துக்காகச் சேர்கிறார்கள். நான் சேர்ந்தது சொற்களுக்காக. உறுப்பினர் தம்மைப் பற்றி எழுதிக்கொள்ளும் பக்கத்தில், "உங்கள் மொழியில் பிறமொழிக்காரருக்கு விளக்கக் கடினமான ஒரு சொல்லை எழுதி, அது உங்கள் வீட்டில் எப்போது புழங்கும் என்பதையும் சொல்லுங்கள்" என்று கேட்டுவைத்தேன். இந்த மதிப்புரை அந்த ஒரு பயன்பாட்டை மட்டும் முன்வைத்து எழுதப்படுகிறது.

சேவைக்குக் கட்டணம் கிடையாது. அட்டைக்கும் அஞ்சல்தலைக்கும் ஆகும் செலவுதான் நம்முடையது. முகவரி கேட்டால் உலகின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவரின் முகவரியும், நாட்டின் குறியெழுத்துகளோடு கூடிய ஓர் எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணை அட்டையில் எழுத மறந்தால், பெறுபவரால் அதைப் பதிவுசெய்ய முடியாது. பதிவாகும் வரை நமக்குரிய அட்டையும் புறப்படாது. புதியவருக்கு ஒரே நேரத்தில் 5 அட்டைகள் மட்டுமே பயணத்தில் இருக்கலாம், அனுப்ப அனுப்ப இந்த வரம்பு உயரும். 60 நாள்களுக்குள் சேராத அட்டை கணக்கிலிருந்து விலக்கப்பட்டு, அதன் இடத்தில் வேறொன்று அனுப்ப வழி திறக்கிறது. ஓராண்டுக்குள் அது போய்ச் சேர்ந்தால் அப்போதும் பதிவுசெய்துகொள்ளலாம். காகிதத்தை நம்பியிருக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு இத்தனை நிதானமான விதி பொருத்தமானதே.

வந்த சொற்களில் கணிசமானவை ஏமாற்றமளித்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். இலைகளின் ஊடே வடியும் வெயிலுக்கு ஜப்பானியர் சொல்லும் 'கொமொரெபி', வாங்கிய புத்தகங்களைப் படிக்காமல் அடுக்கிவைப்பதைக் குறிக்கும் 'த்சுண்டோகு', தொலைதூர ஊர்களுக்கான ஏக்கத்தைச் சொல்லும் ஜெர்மானிய 'ஃபெர்ன்வே' ஆகிய மூன்றும் ஊர் சுற்றிச் சுற்றித் தேய்ந்த நாணயங்கள். எழுதியவர்கள் பலரும் அவற்றை ஏதோ பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். மாறாக, பின்லாந்திலிருந்து வந்த ஓர் அட்டை 'போரோன்குசெமா' என்ற பழைய தூர அளவைப் பற்றிப் பேசியது. துருவமான் சிறுநீர் கழிக்க நிற்காமல் ஒரே மூச்சில் போகக்கூடிய தொலைவாம் அது. ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர். தம் தாத்தா அடுத்த ஊருக்கு வழி சொல்லும்போது அதைச் சொல்லிச் சிரிப்பார் என்று அனுப்பியவர் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிக்காக நான் இன்னும் நூறு அட்டைகள் அனுப்பத் தயார்.

அனுப்புவதில்தான் உண்மையான சோதனை இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான அட்டையில் பாதி இடம் முகவரிக்கும் அஞ்சல்தலைக்கும் போக, மிஞ்சிய பாதியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரு தமிழ்ச் சொல்லை விளக்கியாக வேண்டும். முதலில் இலக்கியப் பெருமிதத்தோடு 'புலவி'யைத் தேர்ந்தேன். காதலர்க்கிடையே எழும் அந்தச் சிறு கோபம் உணவில் உப்பு அமைவதைப் போன்றது, அளவு மிஞ்சினால் கெட்டுவிடும் என்னும் குறளின் உவமை இருந்ததால், அட்டை நானே எதிர்பாராத அளவுக்கு எளிதாக நிறைந்தது. அடுத்து எழுதிய 'எச்சில்'தான் திணறடித்தது. உமிழ்நீர் என்று எழுதினால் பொருள் பாதிகூடப் போய்ச் சேராது. வாய் வைத்த தம்ளரும் கடித்த மாம்பழமும் எச்சில். சாப்பிட்டு எழுந்த இலையும் எச்சிலிலை. அதைத் தவிர்க்கத்தான் அண்ணாந்து குடிக்கிறோம். குழந்தையின் எச்சிலைத் தாய் பொருட்படுத்துவதில்லை. இவ்வளவையும் எழுதி முடித்தபோது கையொப்பத்துக்கு இடமில்லை. நாள்தோறும் வாயில் புழங்கும் சொல்லை நான் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை என்பது அந்த அட்டையை எழுதியபோதுதான் உறைத்தது.

குறைகளும் உண்டு. நாம் யாருக்கு அனுப்புகிறோமோ அவரிடமிருந்து பதில் அட்டை வராது என்பது சேவையின் அமைப்பிலேயே உள்ளது. பெற்றவர் பதிவின்போது எழுதும் சில வரி நன்றியோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. சொல் பரிமாற்றத்துக்கு இது பெரிய இழப்பு, ஏனெனில் ஒரு சொல்லைக் கேட்டவர் தம் மொழியில் அதற்கு நெருக்கமான இன்னொன்றைத் தேடி எழுதும்போதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும். நேரடிப் பரிமாற்றத்துக்கு விருப்பம் என்று தம் பக்கத்தில் குறித்திருப்பவரோடு தனியே ஏற்பாடு செய்துகொள்வது ஒன்றே இதற்கு வழி. உறுப்பினர் பரவலும் சீரானதன்று. ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளின் முகவரிகளே திரும்பத் திரும்ப வரும், ஆப்பிரிக்க மொழிச் சொல் ஒன்றுக்காகக் காத்திருப்பவர் நெடுநாள் காத்திருக்க நேரும்.

சேர நினைப்பவர்க்கு ஒரு யோசனை: படம் அச்சிடாத வெற்று அட்டையை வாங்கி, சொல்லைத் தமிழெழுத்தில் பெரிதாக ஒரு பக்கம் முழுவதும் எழுதி, மறுபக்கத்தில் விளக்கத்தை வையுங்கள். மை பரவாத பேனா வேண்டும். மழைக்காலத்தில் பந்துமுனைப் பேனாவே பாதுகாப்பு. வெளிநாட்டுக்கான அஞ்சல்தலை மதிப்பை முன்கூட்டியே அஞ்சலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் 50 காசு உள்நாட்டு அட்டையின் கணக்கு அங்கே செல்லாது. என் அடுத்த அட்டைக்கு எஸ்டோனியா முகவரி வந்திருக்கிறது. 'கருக்கல்' என்று எழுதியாயிற்று, அது விடிவதற்கு முன்னும் வரும், பொழுது சாய்ந்த பின்னும் வரும் என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.