மேக், ஜஸ்ட், டாஸ்க்: சின்ன வேலைக்கு எது தோது?

ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலையிலோ மாணவர் குழுவொன்று புரொஜெக்ட் செய்தால் ஒருவரிடம் உபுண்டு இருக்கும், மற்றவர்களிடம் விண்டோஸ். சேர்வரைத் தொடங்க, டெஸ்ட் ஓட்ட, பேக்கப் எடுக்க என்று நீண்ட கட்டளைகளை வாட்ஸ்அப்பில் மாறி மாறி அனுப்புவதை விட, ஒரே கோப்பில் எழுதிவைத்துப் பெயர் சொல்லி ஓட்டுவது மேல். அதற்கு மேக் (make), ஜஸ்ட் (just), டாஸ்க் (Task) என்று மூன்று கருவிகள் உண்டு. எதைப் பிடிப்பது என்பதில்தான் இழுபறி.

மேக் 1976இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கோப்புகளை உருவாக்கத்தான் அதை எழுதினார்கள். கட்டளை ஓட்டும் வேலையை நாம்தான் அதன் தலையில் கட்டினோம். அதனால் 'டெஸ்ட்' என்ற பணி இருக்க, அதே பெயரில் ஒரு போல்டரும் இருந்துவிட்டால், வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிச் சும்மா இருந்துவிடும். இது கோப்பல்ல, வெறும் பணிப்பெயர் என்று சொல்லும் போனி (.PHONY) பட்டியலில் பெயரைச் சேர்த்தால் தீரும். கட்டளை வரியை டேப்புக்குப் பதில் ஸ்பேஸால் தள்ளினால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நின்றுவிடும். ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) மாறிக்கு $ போதாது, $$ வேண்டும். விண்டோஸில் லினக்ஸ் பாணிக் கட்டளைகளை ஓட்ட உதவும் கிட் பேஷ் (Git Bash) போட்டிருந்தாலும் மேக்கைத் தனியாக நிறுவ வேண்டும். சி நிரல் கம்பைல் செய்ய மட்டும் இன்றும் அதுவே ராஜா.

ஜஸ்ட் கட்டளை ஓட்டுவதற்கென்றே ரஸ்ட் நிரல்மொழியில் எழுதப்பட்டது. 'ஜஸ்ட் பேக்கப் கல்முனை' என்று கிளை அலுவலகத்தின் பெயரை நேரே கொடுக்கலாம்; மேக்கில் 'கிளை=கல்முனை' என்று எழுத வேண்டும். உள் போல்டரில் நின்று கூப்பிட்டாலும் மேலே தேடி, பணிகள் எழுதிய ஜஸ்ட்ஃபைலைக் கண்டுபிடிக்கும். ஆனால் மேக்கைப் போலவே ஒவ்வொரு வரிக்கும் புதிய ஷெல். முதல் வரியில் போல்டர் மாறினாலும் அடுத்த வரி பழைய இடத்தில்தான் ஓடும். இரண்டையும் ஒரே வரியில் && போட்டு இணையுங்கள். விண்டோஸில் எஸ்எச் (sh) என்ற ஷெல்லைத் தேடும். கிட் பேஷுக்குள் ஓட்டினால் சிக்கலில்லை.

டாஸ்க் ஷெல் மொழியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது, ஆகவே வெறும் விண்டோஸிலும் ஓடும். சொல் தேடும் கிரெப் (grep) போன்றவற்றை மட்டும் தனியாகப் போட வேண்டும். பணிகளை எழுதும் டாஸ்க்ஃபைல் யாம்ல் (YAML) வடிவம் என்பதுதான் எரிச்சல்: கட்டளைக்குள் முக்காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து வந்தால் மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். ஒரு பணிக்கு முன் முடிய வேண்டியவற்றை எழுதும் 'டெப்ஸ்' (deps) பட்டியலில் உள்ளவை ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே நேரத்தில் ஓடும். டேட்டாபேஸை உருவாக்கி, பிறகு தரவை ஏற்றும் வேலையை அங்கே எழுதினால் சிலவேளை ஓடும், சிலவேளை கவிழும். வரிசை வேண்டுமென்றால் கட்டளைகளுக்கான 'சிஎம்டிஸ்' (cmds) பகுதியில் எழுதுங்கள்.

கலப்புக் குழுவுக்கு ஜஸ்ட். கிட் பேஷே வேண்டாமென்பவர்களுக்கு டாஸ்க். ஒரே உபுண்டுவில் நாலைந்து பணி என்றால் சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட் போதும். ஆனால் ஒரு கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் -இ'யை (set -e) தொடக்கத்தில் எழுத மறந்தால், புதிய பேக்கப் தோற்ற பிறகும், பழையதை அழிக்கும் அடுத்த வரி ஓடிவிடும்.