மனுவா, தீர்மானமா, பயணிகள் குழுவா?

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் காலை டவுன் பஸ்ஸின் நேரத்தை அரைமணி முன்னுக்குக் கொண்டுவர ஊராருக்கு மூன்று வழிகள் உண்டு: திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், கிராம சபையில் தீர்மானம் போடலாம், அன்றாடம் ஏறி இறங்குவோரே குழுவாகக் கூடிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைச் சந்திக்கலாம்.

மனு எளிது. ஆனால் அது பெரும்பாலும் ஒருவரின் தேவையாகவே படிக்கப்படும்.

தீர்மானத்துக்கு எடை அதிகம். ஆயினும் ஆண்டில் ஆறு நாட்களே கிராம சபைக்கெனக் குறிக்கப்பட்டுள்ளன என்பதால், மார்ச் 22 தவறினால் மே 1 வரை காத்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கிராம சபை என்பது அவ்வூர் வாக்காளர்களின் அவை. திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் லைன் வீடுகளில் குடியிருந்து பனியன் கம்பெனிகளுக்குப் போய்வரும் வெளிமாவட்ட, வடமாநிலத் தொழிலாளர்களில் பலருக்கு அங்கே வாக்கில்லை. பேருந்தை நம்பி வாழ்வோரின் குரலே அவையில் இல்லாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது. மேலும், ஒரு தடம் பல ஊராட்சிகளைக் கடந்து செல்வதால், நமக்கு வசதியான நேரம் அடுத்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாகலாம்.

பயணிகள் குழுவுக்கு இந்தத் தடைகள் இல்லை. தடத்திலுள்ள எல்லா நிறுத்தங்களிலிருந்தும் ஆள் சேர்க்கலாம். மில்லின் ஷிப்ட் முடியும் நேரத்தையும் பள்ளி மணியையும் ஒரே தாளில் எழுதி, எந்த நடையில் எத்தனை பேர் நின்றபடி வருகிறார்கள் என்று இரண்டு வாரம் எண்ணி, கணக்கோடு போய் அமரலாம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை; காசில்லாத சீட்டுதானே என்று அதை வாங்காமல் இருந்துவிடக் கூடாது, அந்தச் சீட்டுதான் கழகத்தின் ஏட்டில் அவர்கள் பயணம் செய்ததற்கான சான்று. நடத்துநரையும் இந்தக் குழுவின் பேச்சில் சேர்த்துக்கொள்வது நல்லது. 1972-இல் தொடங்கிய சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரால் இன்றும் 'சேரன் பஸ்' என்றழைக்கும் முதியவர்களையும், எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள் என்பதையும் அவர் அறிவார்.

குழுவுக்குச் சட்டபூர்வ அதிகாரம் ஏதுமில்லை என்பது உண்மை. அதனால் முதலில் குழு கூடிக் கணக்கெடுத்து, தடத்தின் ஊர்கள் அனைத்தும் ஒப்பிய நேரத்தை முடிவு செய்து, அதையே ஒவ்வோர் ஊராட்சியிலும் தீர்மானமாக்கிக் கிளை மேலாளரிடம் தருவதையே நான் பரிந்துரைப்பேன். அங்கே நகராவிட்டால் மட்டும் திங்கட்கிழமை மனு.