நீலாங்கரையில் முதல் ஸ்கூபா: 28 நிமிடம், ஒரு காலி தண்ணீர் பாட்டில்

'வீசிங் இருக்கிறதா, எப்போதாவது இருந்ததா' என்று படிவத்தில் ஒரு வரி. அதில் 'ஆம்' என்று டிக் அடித்ததால் என் மகன் கடலில் இறங்கவில்லை, நான் மட்டும் இறங்கினேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். மீன், பாறை எல்லாம் அப்புறம்.

நாங்கள் சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்திருந்தது, பையனும் பத்தாவது எழுதி முடித்திருந்தான். லீவுக்கு அந்தமான் போய் ஸ்கூபா பண்ணலாம் என்றான், காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போவது. விமான டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. நம்ம ஊர் கடலிலேயே செய்ய முடியுமா என்று அவனே தேடி, ஈசிஆரில் ஒரு பயிற்சி நிலையத்தைக் கண்டுபிடித்தான். சனிக்கிழமை மதியம் நீச்சல் குளத்தில் பயிற்சி, ஞாயிறு காலை படகில் போய்க் கடல். ஒருவருக்கு 6,500 ரூபாய், இரண்டு பேருக்கு 13,000. முழுப் பணத்தையும் முன்பே கட்டச் சொன்னார்கள், கட்டினேன். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. இங்கே சொல்வதெல்லாம் எந்த நிலையத்துக்குப் போனாலும் கேட்க வேண்டியதுதான்.

போனில் பேசியவர் என்னிடம் கேட்டது வயது, எடை, செருப்பு சைஸ், நீச்சல் தெரியுமா என்பது மட்டும். நீச்சல் தெரியாது என்றேன், பரவாயில்லை என்றார். அது உண்மைதான், இந்த அறிமுக டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லை என்றே வைத்திருக்கிறார்கள். பத்து வயது நிரம்பியிருந்தால் போதும், 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, பயிற்சியாளர் கூடவே இருப்பார். ஆனால் உடம்பு பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை குளத்துக்குப் போய், துணி மாற்றி, தண்ணீரில் கால் வைக்கப்போகும் நேரத்தில்தான் அந்த மருத்துவப் படிவம் கைக்கு வந்தது. இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, சைனஸ், ஆஸ்துமா என்று வரிசையாக. என் மகனுக்கு ஆறு வயது வரை வீசிங் இருந்தது. எத்தனையோ மழைக்கால ராத்திரிகளில் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறேன். பத்து வருடமாக ஒன்றுமில்லை. டிக் அடித்தேன்.

பயிற்சியாளர் படிவத்தை வாங்கிப் படித்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும், பக்கத்துக் குப்பத்துப் பிள்ளை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, டாக்டர் கையெழுத்து இல்லாம தம்பிய இறக்க மாட்டேன். குளத்துலயும் இறக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்றார். முன்பதிவு பார்க்கிறவர், "சின்ன வயசுல வந்ததுதானே, ஒண்ணும் ஆகாது" என்று குறுக்கே பேசினார். பயிற்சியாளர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை.

பையன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "ஏம்மா எழுதுன? விட்டிருக்கலாம்ல?"

பதினாறு வருடமாக நான் பாயில் விதி நடத்துகிறேன். அழுத்தம் இரண்டு மடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும், வெப்பநிலை மாறாத வரை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். கீழே போனால் காற்று சுருங்கும், மேலே வந்தால் விரியும், அவ்வளவுதான். வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி, நுரையீரலின் ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொள்ளலாம். தரையில் அது இருமலோடு போய்விடும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும்போது சிக்கிய காற்று விரியும், வெளியேற வழி இல்லாவிட்டால் நுரையீரலைக் கிழிக்கும். இதற்குக் கடல் ஆழம்கூட வேண்டாம், குளத்தின் ஆழமே போதும். நான் பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் பார்த்த விதி, படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த என் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளே நடக்கக்கூடியது என்று அங்கேதான் உறைத்தது. நானும் கிளம்பிவிடலாம் என்றேன். "நீ போம்மா, காசு போயிடும்" என்று அவன்தான் என்னைத் தள்ளினான்.

குளத்துப் பயிற்சி ஒன்றரை மணி நேரம். இங்கே இந்த நிலையத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். ஒரு பயிற்சியாளருக்கு இரண்டே பேர், அவசரமே இல்லை. மூக்கால் மூச்சு விடும் நாற்பத்துநான்கு வருடப் பழக்கத்தை ஒரு மதியத்தில் மறக்க வேண்டும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரின் ரப்பரைப் பல்லால் கவ்வி, உதட்டால் மூடி, வாயால் மட்டும் இழுக்க வேண்டும். இழுத்தால் 'ஸ்ஸ்' என்று காற்று வரும், விட்டால் காதோரம் குமிழ்கள் கடகடவென்று ஓடும். முதல் பத்து நிமிடம் நான் இழுத்துக்கொண்டே இருந்தேன், விடவில்லை. அவர் தன் நெஞ்சில் கை வைத்து, கையை மெதுவாக முன்னால் நீட்டி நீட்டிக் காட்டினார். விடுங்கள், முழுசா விடுங்கள். எத்தனை முறை காட்டினார் என்று எண்ணவில்லை, முகம் ஒருமுறைகூடச் சுளிக்கவில்லை.

முதுகில் இருக்கும் சிலிண்டரை எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள், எங்கள் ஆசிரியர் அறையிலும் அப்படித்தான் கேட்டார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்று. வடிகட்டி, 200 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் இருநூறு மடங்கில், அடைத்தது. சுத்தமான ஆக்சிஜனை அடைத்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரக்கூடும். ரெகுலேட்டரின் வேலை, நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சரியாகக் காற்றைத் தருவது. அது இல்லாமல் வெறும் நீளக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போக முடியாது. தண்ணீர் நெஞ்சை அமுக்கும் அமுக்கில் நம் தசைகளால் மேலிருந்து காற்றை இழுக்கவே முடியாது. 1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி குஸ்தோவும் பொறியாளர் கக்னானும் இந்த ரெகுலேட்டரைச் செய்துகாட்டினார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓட்டிய கார்களுக்கான வால்வைத்தான் கக்னான் இதற்கு மாற்றியமைத்தார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு நீலாங்கரைக் கரையில் இருந்தோம். பையனைப் படகில் சும்மா கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கியிருந்ததால் விசைப்படகு எதுவும் கண்ணில் படவில்லை. ஃபைபர் படகுக்குத் தடை இல்லை. அலையில் படகைத் தள்ளி ஏறும்போதே முழங்கால் வரை நனைந்துவிட்டது. அரை மணி நேரம் போன பிறகு படகுக்காரர் கரையில் தெரிந்த ஏதோ இரண்டு கட்டடங்களைக் கண்ணால் அளந்து, "இங்க கீழ பார் கீது" என்று நங்கூரம் போட்டார். பார் என்றால் கடலடிப் பாறை. ஜிபிஎஸ் பெட்டி அவர் பக்கத்திலேயே இருந்தது, அதைத் திறக்கவே இல்லை.

நான் கையில் ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன். காலி பாட்டில், மூடி இறுக்கித் திருகியது. கீழே கொண்டுபோகணும் என்று தயங்கித்தான் கேட்டேன். பயிற்சியாளர் சிரித்து, அதைத் தன் ஜாக்கெட் வளையத்தில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். "திருப்பி எடுத்துனு வந்துடணும்க்கா, கடல்ல விடக் கூடாது" என்றார்.

படகின் விளிம்பில் உட்கார்ந்து, மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் கையால் அழுத்திப் பிடித்து, மல்லாந்து விழ வேண்டும். விழுந்தேன். அது சுலபம். கஷ்டம் காதில் இருந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்து மூன்று மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டேன், இடது காதில் ஊசி வைத்துக் குத்தியதுபோல் வலி. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. காது என்று கையைக் காட்டினேன். அவர் உடனே என்னை ஒரு மீட்டர் மேலே கூட்டிவந்தார். காத்திருந்தோம். மறுபடி இறங்கினோம், மறுபடி வலி, மறுபடி மேலே. நான்கு முறை. ஐந்தாவது முறை ஊதியபோது காதுக்குள் 'டொப்' என்றது, வலி போய்விட்டது. ஆழத்தில்தான் காது அதிகம் வலிக்கும் என்று நினைத்திருந்தேன், அது தப்பு. அழுத்தம் விகிதத்தில் வேகமாக மாறுவது முதல் சில மீட்டரில்தான். மேலே இருந்தவர்களுக்கு நேரமாகிறது என்று அவர் என்னை ஒரு சாண்கூட இழுக்கவில்லை. இந்த நிலையத்துக்கு நான் தரும் மதிப்பெண் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

எட்டு மீட்டரில் தரை. இப்போது உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர்கள் விளம்பரப் படங்களில் இருக்கும் நீலக் கடல் இங்கே இல்லை. தண்ணீர் பச்சை. நான்கு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பவளப் பூங்கா பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள், அந்தப் படங்களை எடுத்துவிட்டு இந்தப் பச்சையையே போடலாம். எனக்கு அந்தப் பச்சையே போதுமாக இருந்தது. பாறையின் அடியில் மஞ்சள் கோடு போட்ட சிறு மீன் கூட்டம், எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, அலை தள்ளினால் ஒன்றாகத் தள்ளாடி, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றன. பொந்துக்குள் ஒரு களவா, தடித்த கீழுதட்டை மெல்லத் திறந்து திறந்து மூடிக்கொண்டு என்னையே பார்த்தது. வீட்டில் வாரம் ஒருமுறை குழம்பு வைக்கும் மீன். அது மூச்சு விடுவதை அன்றுதான் பார்த்தேன்.

பாறையின் இன்னொரு பக்கம் அறுந்த வலை ஒன்று சுற்றிக் கிடந்தது, உள்ளே இரண்டு நண்டு ஓடுகள். பயிற்சியாளர் கத்தியை எடுத்து ஒரு முழம் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு டைவிலும் கொஞ்சம் எடுப்பாராம்.

கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினேன், எட்டவில்லை. தண்ணீரில் எல்லாம் கால் பங்கு பக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்று படித்ததுதான். விரலில் வைத்திருந்த மருதாணிச் சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது, தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். தூரத்தில் ஏதோ படகு இன்ஜின் சத்தம் கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் கேட்டது. ஒலி தண்ணீரில் வினாடிக்கு 1,500 மீட்டர் போகும், இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்துவிடும்.

அப்புறம் பாட்டில். அவர் அதை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். நடுவில் ஒட்டி, இரண்டு பக்கமும் உள்வாங்கி, யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல் இருந்தது. மூடி இறுக்கமாகவே இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. அதைக் கையில் வாங்கி அப்படியே கயிற்றைப் பிடித்து மேலே வந்தேன். நிறுத்தி நிறுத்தி, மூச்சை அடக்காமல். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். ஏறும்போதே 'டக், டக்' என்று ஒவ்வொரு பள்ளமாக நிமிர்ந்தது. எனக்கு அது பாட்டிலாகத் தெரியவில்லை. படகில் உட்கார்ந்திருந்தவனின் நெஞ்சாகவே தெரிந்தது.

மொத்தம் 28 நிமிடம். சிலிண்டரின் அழுத்தம் 200 பாரில் தொடங்கி 80இல் முடித்தேன். புதிதாக வருகிறவர்கள் இப்படித்தான் காற்றைக் குடிப்பார்கள் என்றார்.

படகில் பையன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் கீழே இருந்த நேரம் முழுக்கப் படகுக்காரர் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். "தம்பி, அந்தக் கொமிழப் பாத்துனே இரு. அது வந்துனு இருந்தா உங்கம்மா நல்லாக் கீறாங்கன்னு அர்த்தம்." அவன் 28 நிமிடமும் கண்ணை எடுக்கவில்லையாம். நான் பாட்டிலை நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தான், பிளாஸ்டிக்கில் மடிப்பு விழுந்த வெள்ளைக் கோடுகளை விரலால் தடவினான். ஒன்றும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கலங்கி முரட்டுத்தனமாக இருக்கும், அந்த மாதங்களில் முன்பணம் கட்டாதீர்கள். விடிகாலை நேரத்தையே கேளுங்கள், மதியத்தில் காற்று ஏறிவிடும். சளி பிடித்திருந்தால் தேதியை மாற்றுங்கள், மாத்திரை போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம், காது திறக்காது. வெளியூரிலிருந்து லீவுக்கு வந்து விமானத்தில் திரும்புகிறவர்கள் டைவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது பறக்கக் கூடாது என்றார்கள். கரையில் துணி மாற்ற ஒழுங்கான இடம் இல்லை, பெண்களுக்கு இது பெரிய சிரமம், ஒரு தடுப்பாவது கட்டலாம். போட்டோவுக்குத் தனியாக 1,000 ரூபாய், அந்தத் தண்ணீரில் எடுத்த படத்தில் நான் யாரென்றே தெரியவில்லை.

பையனின் 6,500இல் பாதி, நான்கு முறை போன் செய்த பிறகு திரும்ப வந்தது. மீதிக்கு ஒரு வருடத்துக்குள் வரலாம் என்று ரசீது கொடுத்திருக்கிறார்கள். படிவத்தைப் பணம் வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. இதை அவர்களிடமே சொன்னேன், இனி அனுப்புகிறோம் என்றார்கள். நீங்கள் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

நுரையீரல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்வார். அவர் சரி என்றால் பிப்ரவரியில் அதே படகு, அதே பயிற்சியாளர். இல்லை என்றால் இல்லை. பாட்டில் ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்புக்கு என்னோடு வரும். இப்போதைக்கு அது பையனின் மேசையில் இருக்கிறது, மூடியைத் திறக்கக் கூடாது என்று அவனே ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறான்.