லாக் அச்சு: ஜிஜிபிளாட்டா, எக்செலா, ஸ்டேட்டாவா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஆர்டர்களை ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சாம்பிளுக்கு 10 பீஸ், ஏற்றுமதிக்கு 1,00,000 பீஸ் என்று இருந்தால் சாதாரண அச்சில் பெரிய ஆர்டர் மட்டும் உச்சியில் நிற்கும், மற்றதெல்லாம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கை பத்து மடங்காகும் லாக் அச்சுதான் இதற்குச் சரி. ஆனால் அதை எங்கே போடுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது.

பலரும் செய்வது, எண்ணிக்கைக்கே லாக் எடுத்து (100-க்கு 2, 1000-க்கு 3 என்று) தனி நெடுவரிசையாக வைத்து வரைவது. எந்த மென்பொருளிலும் ஓடும், ஆனால் அச்சில் 1, 2, 3, 4 என்றுதான் வரும். அப்படி ஒரு படத்தை எங்கள் மெர்ச்சண்டைசர் அண்ணனிடம் காட்டினேன். 4.3-இல் நின்ற புள்ளியில் விரலை வைத்து, "இது எத்தனை பீஸுங்க தம்பி?" என்றார். கிட்டத்தட்ட 20,000 என்று கால்குலேட்டரைத் தட்டித்தான் சொல்ல முடிந்தது. அன்றோடு அந்த வழியை விட்டுவிட்டேன். பார்க்கிறவருக்குப் பீஸ் கணக்கு பீஸாகவே தெரிய வேண்டும்.

எக்செலில் அச்சை ரைட் கிளிக் செய்து லாகரித்மிக் ஸ்கேலை டிக் செய்தால் போதும், 10, 100, 1000 என்று தானே வந்துவிடும். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒய்ஸ்கேலுக்கு லாக் என்று கொடுத்தால் அச்சு மாறும், அதில் எழுதியிருக்கும் எண்கள் மாறாது. பழைய சம இடைவெளி எண்களே மேல்பக்கம் நெருக்கியடித்து நிற்கும். ஒய்லேபிளில் 10, 100, 1000 என்று நாமே எழுத வேண்டும். எரிச்சலான வேலைதான்.

ஆர் என்ற கணினி மொழியில் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்2-இல் வழி இரண்டு, குழப்பமும் அங்கேதான். ஸ்கேல் ஒய் லாக்10 (scale_y_log10) என்ற கட்டளை முதலில் லாக் எடுத்துவிட்டு, பிறகுதான் சராசரியையும் போக்குக் கோட்டையும் கணக்கிடும். கோஆர்ட் டிரான்ஸ் (coord_trans) என்ற கட்டளை பழைய எண்களில் கணக்கை முடித்துவிட்டுக் கடைசியில் அச்சை மட்டும் வளைக்கும். 10, 1000, 1,00,000 என்று மூன்று ஆர்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் சராசரிப் புள்ளி 1000-இல் விழும், அது பெருக்கல் சராசரி (மூன்றையும் பெருக்கி எடுத்த கனமூலம்). இரண்டாவதில், கூட்டி மூன்றால் வகுத்த 33,670-இல் விழும். ஒரே தரவு, ஒரே அச்சு, புள்ளி மட்டும் வேறு இடத்தில்! தரவின் பரவலைப் பெட்டியாகக் காட்டும் பாக்ஸ் பிளாட்டில் எது விலகிய புள்ளி என்பதுகூட இதை வைத்து மாறும். எக்செலும் ஸ்டேட்டாவும் இந்த இரண்டாவது வகைதான், அதனால் அங்கே நேர்கோட்டுப் போக்கு வளைந்து தெரியும்.

என் தேர்வு ஸ்கேல் ஒய் லாக்10. ஆர்டர்கள் மடங்கு மடங்காக வேறுபடும்போது சராசரியும் மடங்குக் கணக்கில் இருப்பதுதான் பொருத்தம். 1,00,000-க்குப் பதிலாக 1e+05 என்று வரும் லேபிளை மட்டும் ஸ்கேல்ஸ் தொகுப்பின் லேபிள் காமா கொண்டு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் கேன்சல் ஆன ஆர்டர்கள். அவற்றின் எண்ணிக்கை 0. 0-வுக்கு லாக் கிடையாது, எதிலும் ஒழுங்காக வராது. பைத்தான் மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் சிம்லாக் என்று ஒன்று உண்டு, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சாதாரண அச்சாகவும் மேலே லாக்காகவும் இருக்கும். நான் கேன்சல்களைத் தனிப் படமாகவே போடுகிறேன்.