ஓபரா ஆட்டம்: பலகையிலா, இன்ஜினிலா?

1858-இல் பாரிஸில் அமெரிக்கச் சதுரங்க வீரர் பால் மார்ஃபி, வெள்ளைக் காய்களுடன் 17 நகர்த்தல்களில் வென்ற சதுரங்க ஆட்டம் இது. கறுப்புக் காய்களுடன் ஆடிய எதிரணியின் திறப்பு, அதாவது ஆட்டத் தொடக்க முறை, ஃபிலிடோர் தற்காப்பு. இதைப் படிக்க எனக்குப் பலகைதான் முதலில், சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் இன்ஜின், அதாவது நகர்த்தல்களை மதிப்பிடும் கணினி நிரல்.

இன்ஜினில் ஐந்து நிமிடம் போதும். 3-வது நகர்த்தலில் கறுப்பு மந்திரி வெளியே வந்தது பலவீனம் என்று எண்ணால் காட்டிவிடும். சரி, ஏன்? அதை எண் சொல்லாது.

பலகையில் அடுத்த நகர்த்தலை மறைத்துக்கொண்டு யோசித்தால் ஒரு மணி நேரம் போகும். 8-வது நகர்த்தலில் வெள்ளை ராணியால் பி7 கட்டத்துச் சிப்பாயை வெட்டக் கை துறுதுறுக்கும். வெட்டினால் கறுப்பு ராணி பி4-இல் செக் வைத்து ராணிகளை மாற்றிவிடும். மார்ஃபியோ குதிரையை வெளியே கொண்டுவந்தார். அப்புறம் கடைசிவரை பாருங்கள்: கறுப்பின் ராஜா பக்க மந்திரியும் யானையும் அசையவே இல்லை.