தண்டையார்பேட்டை பல் கிளினிக்: கைவிட்ட பல்லைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்

ரூட் கெனால் (வேருக்குள் இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து மருந்து அடைக்கும் வைத்தியம்) செய்து, மேலே கேப் என்ற உறையும் போட்ட பல்லில் மறுபடி சீழ் வைத்தால் அடுத்து எங்கே போவது என்று குழம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கம், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன கிளினிக் இது. ரூட் கெனாலுக்கென்றே எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்த டாக்டரம்மா பார்க்கிறார்.

எனக்கு மேல் வரிசையில் முதல் கடைவாய்ப் பல். பெரிய வலி இல்லை. ஈறில் ஒரு கொப்புளம் வரும், உடைந்து வாயெல்லாம் உப்புக் கரிக்கும், அடங்கும், திரும்ப வரும். எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில் வேலை எனக்கு. நாள் முழுக்க ஆட்களோடு முகத்துக்கு முகம் பேச வேண்டும், வாய் நாறுமோ என்று ஒரே கவலை. முதலில் வைத்தியம் பார்த்த இடத்தில் மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல், வைக்கலாம் என்றார்கள். ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், "சிலருக்கு அப்படித்தான்மா."

இங்கே அந்தக் காரணத்தைத்தான் முதலில் தேடினார்கள். கொப்புளத்தின் ஓட்டை வழியாக மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றை உள்ளே விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். குச்சி நேராக முன்பக்க வேரின் நுனியில் போய் நின்றது. அப்புறம் சி.பி.சி.டி. ஸ்கேன், பல்லை எல்லாப் பக்கமும் காட்டும் 3டி எக்ஸ்ரே. டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து எனக்கே காட்டினார். அந்த வேருக்குள் இரண்டு குழாய்கள் இருக்கின்றன, ஒன்றில் மட்டும் மருந்து அடைத்திருக்கிறார்கள், இன்னொன்றைத் தொடவே இல்லை. மூன்று வேர்களையும் சேர்த்து எண்ணினால் இது நாலாவது குழாய். மேல் கடைவாய்ப் பல்லில் இது பலருக்கும் உண்டாம். ரொம்பக் குறுகலாக இருப்பதால் அடிக்கடி தப்பிவிடுமாம். "உள்ளே ரத்த ஓட்டமே கிடையாது, மாத்திரை மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும், சொல்லுங்க" என்றார். கொப்புளம் ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பல் பிழைக்கும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. கேப்பை எடுத்துப் பார்த்து வேரில் விரிசல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன், பிடுங்கத்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார். இதற்காகவே அவரை நம்பினேன்.

வேலை நீளமானது. மரத்துப்போக ஊசி போட்டு, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி வாயை ரப்பர் ஷீட்டால் மூடினார்கள். எச்சில் உள்ளே போகாது, கழுவும் மருந்து தொண்டைக்கு இறங்காது. இதைப் போடாமல் ரூட் கெனால் செய்ய யாரையும் இனி விடமாட்டேன். பழைய கேப்பை வெட்டி எடுத்து, ஆரஞ்சு நிறத்தில் இருந்த பழைய அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார்கள். மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடி அந்த நாலாவது குழாயின் வாயைக் கண்டுபிடித்தபோது டாக்டரம்மா குரலில் அப்படி ஒரு சந்தோஷம்! கால்சியம் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். கொப்புளம் வற்றிய பிறகுதான் நிரந்தரமாக அடைத்துப் புது கேப் போட்டார்கள். ஊசியின் மரப்பு விட்ட பிறகு கடிக்கும்போது வலித்தது, சில நாளில் சரியாகிவிட்டது.

வைத்தியத்துக்கு 9,000 ரூபாய், ஸ்கேனுக்கும் கேப்புக்கும் தனி. கேப் கணக்கை முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கலாம், கேட்ட பிறகுதான் சொன்னார்கள். லிஃப்ட் இல்லை, படியும் செங்குத்து. முட்டி வலிக்காரர்களுக்குக் கஷ்டம். ஏழு மணி அப்பாயின்ட்மென்ட் என்றால் எட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

இவ்வளவு செலவு முடியாதவர்கள் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். ரூட் கெனாலுக்கு அங்கே தனித் துறையே இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியில் எலும்பு அரித்திருந்த இடத்தைக் காட்டும் கருமை சுருங்கியிருக்கிறது. எலும்பு முழுசாக நிரம்ப இன்னும் நாளாகும், வருடம் முடிந்ததும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள், அதையும் வாங்கி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்.